கடலோரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம் வரைவது

அரசுக் கட்டடம் ஒன்றுக்குத் ‘திருத்திய மதிப்பீடு’ போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலே நமக்குச் சந்தேகம் தட்டும். முதலில் சொன்ன தொகை ஏன் போதவில்லை, வரைபடம் போட்டவருக்கு எதற்குக் கூடுதல் கட்டணம், நடுவில் யார் கை நனைந்தது என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அனுபவம் கற்றுக்கொடுத்த சந்தேகம் அது. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு வகைக் கட்டடத்துக்கு மட்டும் இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். அது தீயணைப்பு நிலையம். ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடலோரப் பட்டையில் அப்படி ஒரு நிலையம் எழும்பும்போது, ஆர்க்கிடெக்டோடு முதலில் போட்ட ஒப்பந்தம் ஒரு வரிகூடத் திருத்தப்படாமல் முடிந்தது என்றால்தான் எனக்குப் பயம் வரும்.

தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கான கட்டடங்களைப் பெரும்பாலும் கட்டித் தருவது 1981-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். காவல் நிலையம், சிறை, காவலர் குடியிருப்பு இவற்றோடு இதுவும் அதன் வேலை. துறை கேட்கும், அரசாணை வரும், மதிப்பீடு, வரைபடம், டெண்டர் என்று கோப்பு நகரும். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தனியார் ஆர்க்கிடெக்டை அமர்த்துகிறார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு வேலையைக் கூட்டுவதென்றால் நகர மன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குகிறார்கள். இங்கே அதே காரியம் கோப்புக்குள் நடக்கிறது. வழி எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: வரைய உட்கார்ந்தபோது தெரியாத ஒன்று வரையும்போது தெரியவந்திருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும், சேர்ப்பவருக்கு அதற்கான கூலி கொடுக்க வேண்டும். வட சென்னையில் அப்படித் தெரியவரக்கூடியவை என்னென்ன என்று எடுத்துப் பார்த்தால், தீ, காற்று, உப்பு, கடல், நச்சுவாயு என்று ஒரு பெரிய உலகமே அந்த ஒற்றைத் திருத்தத் தாளுக்குள் வந்து நிற்கிறது.

தீயிலிருந்தே தொடங்கலாம். தீப் பாதுகாப்புப் பொறியாளர்கள் தீயின் வளர்ச்சியைக் காலத்தின் வர்க்கமாகக் கணக்கிடுகிறார்கள். நேரம் இரண்டு மடங்கானால் வெளிப்படும் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வேகத்தை நான்கு வகையாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1,055 கிலோவாட்டை எட்ட மெதுவான தீக்கு 600 வினாடி, நடுத்தரத் தீக்கு 300, வேகமான தீக்கு 150, அதிவேகத் தீக்கு வெறும் 75. ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகளை ஒரே அறைக்குள் ஒரே நேரத்தில் போட்டுவிட்டது போன்ற வெப்பம் அது. ஒரு சாதாரண அறையில் ஒன்றிரண்டு மெகாவாட்டுக்குள்ளேயே கூரைக்கடியில் தேங்கிய புகையின் வெப்பநிலை 600 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். பிறகு அந்தப் புகையிலிருந்து இறங்கும் கதிர்வீச்சே போதும். தீ நாக்கு தொடாத மேசையும் மெத்தையும் துணியும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். அதுவரை அறையின் ஒரு மூலையில் எரிந்தது இப்போது அறை முழுக்க எரியும். அதற்கு மேல் உள்ளே இருப்பவரை உயிரோடு வெளியே கொண்டுவருவது அநேகமாக நடக்காத காரியம்.

அட்டைப்பெட்டிகளும் மரச் சட்டங்களும் அடுக்கிய ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். மணலியிலும் திருவொற்றியூரிலும் இப்படிப்பட்ட கிடங்குகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே பிடிக்கும் தீ வேகமான வகை என்று வைத்தால், ஐந்தாவது நிமிடத்தில் 4.2 மெகாவாட். ஆறாவதில் 6.1. எட்டாவதில் 10.8. ஐந்தில் வர வேண்டிய வண்டி எட்டில் வந்தால் கடிகாரத்துக்கு அது மூன்று நிமிடத் தாமதம். குழாயைப் பிடித்து நிற்பவருக்கோ இரண்டரை மடங்கு பெரிய தீ. எரிய ஏதும் மிச்சமில்லாமல் போனாலோ, காற்று தீர்ந்தாலோ இந்த வளர்ச்சி நிற்கும். கதவும் சன்னலும் உடைந்துகொண்டே போகும் கிடங்கில் காற்று தீராது.

நீர் இதற்கு எதிர்க்கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீர் முழுக்க ஆவியாகும்போது ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து காற்றையும் விரட்டுகிறது. ஏட்டுக்கணக்கில், அந்த எட்டாவது நிமிடத் தீக்கு வினாடிக்கு நாலேகால் லிட்டர் போதும். உண்மையில் பீய்ச்சுகிற நீரில் பெரும்பங்கு எரிகிற பொருளைத் தொடாமலே தரையில் ஓடிவிடும்; ஆகவே பல மடங்கு வேண்டும். 4,500 லிட்டர் தொட்டியுள்ள ஒரு வாட்டர் டெண்டர் வண்டி, ஒரே குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் இறைத்தால்கூடப் பத்து நிமிடத்தில் காலி. முதல் வண்டி சீக்கிரம் வருவது பத்து வண்டி பிறகு வருவதைவிட மேல் என்று நிலைய அலுவலர்கள் சொல்வதன் பின்னால் இந்த வர்க்கக் கணக்குதான் இருக்கிறது.

இப்போது அந்த நிமிடங்கள் எங்கே செலவாகின்றன என்று பார்க்க வேண்டும். 101-க்கோ 112-க்கோ அழைப்பு வந்து கன்ட்ரோல் ரூமிலிருந்து தகவல் போகும் நேரம் ஒன்று. மணி அடித்ததிலிருந்து வண்டி வாசலைத் தாண்டும் நேரம் இன்னொன்று. சாலையில் ஓடும் நேரம் மூன்றாவது. இரண்டாவதை ஆள்வது கட்டடத்தின் வரைபடம். மூன்றாவதை ஆள்வது அந்தக் கட்டடத்தை எந்த மனையில் வைத்தோம் என்பது.

மனையைப் பற்றி ஓர் அழகான சூத்திரம் உண்டு. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறைக்காக ராண்ட் நிறுவனத்தில் ஆய்வு செய்த பீட்டர் கோலேசர், எட்வர்ட் ப்ளம் இருவரும் 1973-ல் அதை வெளியிட்டார்கள். ஒரு பகுதியின் பரப்பை அங்குள்ள வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது, தூரத்தைப் பாதியாகக் குறைக்க நிலையங்களை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகளையும் மற்ற புறநகர்களையும் சேர்த்துக்கொண்டு 426 சதுர கிலோமீட்டராக விரிந்த சென்னை மாநகராட்சிக்கு அந்தக் கணக்கில் 43 நிலையம் வேண்டும். ஒரு நிலையத்துக்குச் சராசரி ஓட்டம் 2 கிலோமீட்டர் அளவில் வரும்.

வட சென்னைக்கு வந்தால் இந்தச் சூத்திரம் வேறு முகம் காட்டுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்று கிழக்கே பார்த்தால் அலை. அங்கே போக வண்டிக்கு வேலையே இல்லை. மேற்கே சென்னை–கூடூர் ரயில் பாதை, அதைத் தாண்டி பக்கிங்ஹாம் கால்வாய். இடையில் கிடப்பது அகலம் குறைந்து நீளம் மிகுந்த ஒரு பட்டை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை சுமார் 13 கிலோமீட்டர். பட்டையில் தூரம் வர்க்கமூலமாகக் குறைவதில்லை, நேராகவே குறைகிறது. நடுவில் ஒரு நிலையம் இருந்தால் சராசரி ஓட்டம் மூன்றேகால் கிலோமீட்டர். சரியான இடங்களில் இரண்டு வைத்தால் அது பாதியாகிவிடும். பரந்த நிலப்பகுதியில் நான்கு நிலையம் செய்யும் வேலையை இந்தக் கரையில் இரண்டே செய்துவிடும். புதிதாக ஒரு நிலையத்துக்குச் செலவிடும் பணம் சென்னையில் எங்கே அதிகம் பலன் தரும் என்று கேட்டால், கூசாமல் இந்தப் பட்டையைத்தான் கைகாட்டுவேன்.

சூத்திரத்துக்கு ஒரு குறையும் உண்டு. நியூயார்க்கில் 1970-களில் இந்த வகை மாதிரிகளைக் காட்டி, ஏழை மக்கள் வாழ்ந்த தெற்கு பிராங்ஸ் போன்ற இடங்களில் தீயணைப்புப் பிரிவுகளை மூடினார்கள். மாதிரி போக்குவரத்து நெரிசலைச் சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் எண்ணூர் நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு அந்த விமர்சனத்தை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நிமிடமாகும் 2 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு நிமிடம். ரயில்வே கேட் மூடிக் கிடந்தால் கணக்கே இல்லை. பாதைக்குக் கிழக்கே கட்டிய நிலையம் மேற்கே இருக்கும் தெருவுக்கு வரைபடத்தில் பக்கம், நடைமுறையில் வெகுதூரம்.

ஆகவே ஒப்பந்தத்தில் வரக்கூடிய முதல் திருத்தம் மனை மாற்றம். அது மேலோட்டமான மாற்றமும் அல்ல. கடலோர மனையில் சில அடி தோண்டினாலே தண்ணீர். அடியில் தளர்ந்த மணல். நிலநடுக்கத்தில் நீரூறிய மணல் குழம்பாகிவிடக்கூடும். மண் பரிசோதனையைப் புதிதாகச் செய்து, அடித்தளத்தை மறுபடி கணக்கிட்டு, வண்டி வெளியேறும் பக்கத்தை மாற்றி வரைய வேண்டும். பழைய மனைக்கு வாங்கிய கட்டணத்திலேயே இதையும் முடித்துக் கொடு என்று கேட்டால், பழைய அடித்தளத்தையே புதிய மண்ணில் இறக்கிவிடும் ஆசை யாருக்கும் வரும்.

இனிக் கட்டடத்துக்குள் போகலாம். மாடியில் தூங்கியவர்கள் பித்தளைக் கம்பத்தைப் பிடித்து வழுக்கி இறங்கும் காட்சியைப் படங்களில் பார்த்திருப்போம். 1878-ல் சிகாகோவில் டேவிட் கென்யன் என்ற தீயணைப்புத் தலைவர் தொடங்கிவைத்த வழக்கம் அது. கணுக்காலும் முதுகும் உடைந்ததுதான் மிச்சம் என்று பிற்காலத்தில் பல ஊர்களில் கைவிட்டார்கள். இன்று சிறந்த தீர்வு வெகு எளிது: இரவுப் பணியில் இருப்பவர்கள் தரைத்தளத்தில், வண்டி நிற்கும் கூடத்துக்கு ஒட்டிய அறையில் படுக்க வேண்டும். அலுவலகத்தையும் பயிற்சி அறையையும் மாடிக்கு அனுப்பலாம். கட்டில் இருக்கும் இடத்திலிருந்து வண்டியின் கதவு வரை திருப்பம் இல்லாமல், தள்ளித் திறக்கும் கதவுகளோடு ஒரே நேர்ப்பாதை. இதைச் செய்வதற்குப் பணம் வேண்டாம், பென்சில் போதும். ஆனால் தூண்கள் எழுந்த பிறகு செய்ய முடியாது.

அடுத்தது ஷட்டர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எந்தக் கடையின் இரும்பு ஷட்டரையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மேல்பாதி நன்றாகவே இருக்கும். கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்து, தகடு செதில் செதிலாக உரிந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகும். பக்கவாட்டு வழிகாட்டிச் சட்டத்தின் அடியில் உப்பேறிய மணல் கெட்டிப்பட்டுக் கிடக்கும். காலையில் கடைக்காரர் அதைக் காலால் இரண்டு உதை விட்டுத்தான் தூக்குவார். கடைக்கு அந்த உதை பரவாயில்லை. தீயணைப்பு நிலையத்தில் அந்த உதைக்கு ஆகும் வினாடிகளும் தீயின் வர்க்கக் கணக்கில் சேரும்.

காற்று அதைவிடப் பெரிய சோதனை. சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் 1,500 நியூட்டன். நான்கு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒரு வண்டிக்கூடக் கதவைக் காற்று மூன்று டன் எடையோடு தள்ளுகிறது. 2015-ல் திருத்திய அதே தர நிர்ணயம், புயல் ஓய்ந்த பிறகு உடனே இயங்க வேண்டிய கட்டடங்களுக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை காற்று வேகத்தை 1.3 மடங்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கம் என்பதால் மூன்று டன் ஐந்து டன்னாகிவிடும். கதவு பிய்ந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். வெளியே உறிஞ்சும் காற்றும் சேர்ந்துகொள்ளும். மரம் விழுந்த வீட்டுக்கு ஓட வேண்டிய வண்டி தன் கூரைக்கடியிலேயே மாட்டிக்கொள்ளும். உள்மாவட்டத்து ஊருக்குப் போட்ட மாதிரி வரைபடத்தை அப்படியே எடுத்து எண்ணூரில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு கதவே சாட்சி. துறைகள் ஒரே மாதிரி வரைபடத்தைப் பல ஊர்களுக்குப் பயன்படுத்துவதில் சிக்கனம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கடலைப் பார்த்து நிற்கும் மனையில் அந்தச் சிக்கனம் செல்லாது.

நிலநடுக்கக் கணக்கும் இப்படி மாறியதுண்டு. 2001 பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு 2002-ல் திருத்திய இந்தியத் தர நிர்ணயம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. இரண்டுக்கும் உரிய எண்கள் 0.10, 0.16, அறுபது விழுக்காடு வித்தியாசம். அதற்கு மேல் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு ஒன்றரை மடங்கு. வரைபடம் பாதியில் இருக்கும்போது தர நிர்ணயம் மாறினால், தூணும் கம்பியும் மாறத்தான் வேண்டும். அந்தத் திருத்தத்தை மறுத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பவர் யாரைக் காப்பாற்றுகிறார்?

உப்பின் கதை மெதுவானது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காரத்தன்மை காத்து நிற்கும். கடற்காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியே ஊறிப்போய் அந்தக் காவலை உடைக்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்து வெடித்து உதிரும். சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடினால் போதும். கடற்கரைச் சூழலுக்கு 45, கடல் சாரல் நேராக அடிக்கும் இடத்துக்கு 50 என்கிறது தர நிர்ணயம். வேலைத்தளத்தில் இதற்குக் கவர் பிளாக் என்று கட்டை கட்டையாக வைப்பார்கள். கைக்கு அடக்கமான அந்தக் கட்டையின் உயரம் 20-ஆ 45-ஆ என்பதில்தான் நிலையம் இருபது ஆண்டா ஐம்பது ஆண்டா என்பது அடங்கியிருக்கிறது. எண்ணூரில் ஆலை உள்ள அசோக் லேலண்ட் நிறுவனத்தின் சேஸிஸ்மேல் கட்டிய தீயணைப்பு வண்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. அந்த வண்டிகளின் வயதுகூட உப்புக்காற்றில் கொட்டகைச் சுவர் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறையும்.

வெள்ளம் இன்னொரு இழுபறி. பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. ஆனால் தண்ணீரும் வண்டியுமாகப் பல டன் எடையை வைத்துக்கொண்டு செங்குத்தான சரிவில் இறங்கிச் சாலையில் திரும்ப முடியாது. சரிவு நீண்டால் மனை போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணைக் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியதைப் பார்த்த பிறகு, வெள்ளம் என்றால் நீர் மட்டுமே என்று எண்ணி வரையவும் முடியாது. ஜெனரேட்டர், வயர்லெஸ் அறை, மூச்சுக்கருவி உருளைகளை நிரப்பும் கம்ப்ரசர் மூன்றும் மாடிக்கு ஏற வேண்டும். முதல் வரைபடத்தில் இவை பெரும்பாலும் தரைத்தளத்தின் பின்மூலையில்தான் இருக்கும்.

இந்தக் கரையில் என்னதான் எரியும் என்பதை வரலாறே சொல்லியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுட்டபோது பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணைத் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. எண்ணைத் தீயில் நீரை ஊற்றினால் அது அடியில் போய்க் கொதித்து எண்ணையையே தூக்கி வெளியே எறியும்; நுரைதான் வேண்டும். நுரைக் கலவை வைக்கும் அறை, அதைக் கழுவிய நீர் கழிமுகத்துக்குள் போகாமல் தேக்கும் தொட்டி இரண்டும் வரைபடத்தில் இடம் கேட்கும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் வெடிமருந்தும் பஞ்சு மூட்டைகளும் ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிரிழந்தார்கள். நாடு முழுதும் அந்த நாளையே தீயணைப்போர் நினைவு நாளாக அனுசரிக்கிறோம்.

2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த சில நாள்களில், 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த 697 டன் அதே பொருள் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிடப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டுகளாக அது அங்கே இருந்தது. அந்தக் காலத்தில் பக்கத்தில் யாராவது ஒரு நிலையத்துக்கு வரைபடம் போட்டிருந்தால், எந்தப் பக்கம் சன்னல் வைக்க வேண்டும், கண்ணாடி எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதை அந்த 697 டன் தீர்மானித்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையம் தான் காக்கும் ஆபத்துக்கு மிக அருகிலும் இருக்கக் கூடாது, தொலைவிலும் இருக்கக் கூடாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூரில் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா காற்றைவிட லேசான வாயுதான். ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்தது வெளியே பீறிடும்போது கடுங்குளிரோடு, ஈரக்காற்றில் வெண்புகையாகத் தரையை ஒட்டித் தவழும். அதைப் பிடிப்பதற்கு நீரே நல்ல ஆயுதம். ஒரு லிட்டர் நீர் அரைக் கிலோ அமோனியாவைக்கூடக் கரைத்துக்கொள்ளும். நீர்த்திரை போட்டு வாயுவை மறிக்கலாம். ஆனால் அந்த நீர்த்திரையைப் போட வேண்டியவர்களே அந்தப் புகைக்குள் விழித்தெழுந்தால்? கடலோர நிலையத்துக்குக் காற்று உள்ளே வரும் வழியை மூடி, வடிகட்டிய காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு நிரப்பும் ஓர் அறையாவது வேண்டும். மூச்சுக்கருவிகள் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். சாதாரண நிலையத்தின் மாதிரி வரைபடத்தில் இப்படி ஓர் அறைக்கு இடம் இருக்காது. என் கணிப்பில், எண்ணூருக்கான ஒப்பந்தத் திருத்தங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இன்னொரு அறிவு அண்மையில்தான் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையையும், 2022-ல் தீயணைப்புத் தொழிலையே முழுமையாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில் சேர்த்தது. எரிந்த பிளாஸ்டிக்கின் கரி சட்டையில் ஒட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறது. வண்டி கிளம்பும் புகை படுக்கை அறைக்குள் போகிறது. வெளிநாடுகளில் நிலைய வரைபடங்கள் இதனாலேயே தலைகீழாக மாறிவிட்டன. அழுக்குப் பகுதி, இடைப் பகுதி, தூய பகுதி என்று மூன்றாகப் பிரித்து, தீயிலிருந்து திரும்பியவர் சட்டையைக் கழற்றி, குளித்து, அதன் பிறகே அடுத்த பகுதிக்குப் போகும்படி வழி அமைக்கிறார்கள். சீருடை மாட்டும் கொக்கிகளை வண்டிக்கூடத்திலேயே டீசல் புகையில் தொங்கவிடும் பழைய வழக்கம் போய்விட்டது. கட்டிலுக்கும் வண்டிக்கும் நேர்ப்பாதை வேண்டும் என்று சற்று முன் சொன்னேன். புகை அந்தப் பாதையில் திரும்பி வரக் கூடாது என்கிறது இந்த அறிவு. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் வரைபவரின் கைத்திறன். இடையில் சிறிய காற்றடைப்பு அறை, வண்டியின் புகைக்குழாயில் மாட்டி இழுத்து வெளியேற்றும் குழாய் என்று வழிகள் இருக்கின்றன.

2003-ல் பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் இருவரும் தமிழகத் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்து, நாட்டிலேயே முதன்முதலாக அந்தப் பொறுப்புக்கு வந்த பெண்களில் இடம்பெற்றார்கள். பெண்களுக்கான ஓய்வறையும் குளியலறையும் இல்லாத வரைபடம் இன்று குறைபட்ட வரைபடம். விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் 2021-ல் வந்த பிறகு சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. உயரத்துக்கு நீளும் ஏணி வண்டி ஒரு நாள் இந்த நிலையத்துக்கு வரும் என்றால் கூடத்தின் உயரத்தையும் ஆழத்தையும் தரையின் தாங்குதிறனையும் இப்போதே கூட்டி வரைய வேண்டும்.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாகவே போகிறேன். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 62-ஆம் பிரிவில், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்கிறது. அரசோடு போடும் ஒப்பந்தமோ அரசியல் சட்டத்தின் 299-ஆம் பிரிவு சொல்லும் முறைப்படி எழுத்தில் இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் நின்றுகொண்டு “இதையும் சேர்த்துப் போட்டுடுங்க சார், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வாய்மொழியாகச் சொல்வதில் எத்தனை வழக்குகள் முளைத்திருக்கின்றன! மேற்கு வங்கத்தில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதற்காகக் கிடங்கும் சமையல்கூடமும் கட்டிக் கொடுத்த ஒரு நிறுவனம், முறையான ஒப்பந்தம் இல்லாததால் பணத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கட்டடத்தை அனுபவித்த அரசு அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 70-ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பு வந்தது 1961-ல்தான். எழுத்தில் ஒரு தாள் இருந்திருந்தால் அத்தனை அலைச்சல் இல்லை.

கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று போடப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. செலவு கூடினால் கட்டணமும் கூடும் என்ற ஏற்பாட்டில், செலவைக் குறைக்கும் நல்ல யோசனையைச் சொல்பவர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். திருத்தத்துக்கு மட்டுமாவது செய்யும் வேலைக்குத் தக்க ஒரே தொகை பேசலாம்: இன்ன அறை, இத்தனை வரைபடம், இந்தத் தேதிக்குள், இவ்வளவு. காரணம் என்ன என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். மனை மாறியது, தர நிர்ணயம் மாறியது, பக்கத்தில் புதிதாக ஒரு ரசாயனக் கிடங்கு வந்தது என்று. காரணம் எழுதப்படாத திருத்தத்தைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். நேரமும் முக்கியம். வரைபடத்தில் சுவரை நகர்த்த ஒரு பிற்பகல் போதும். டெண்டர் போன பிறகு அதே சுவருக்குப் புதிய விலை, புதிய ஒப்புதல். கான்கிரீட் போட்ட பிறகு இடிக்கும் செலவும் சேரும். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் யாரும் இடிப்பதில்லை, தவறோடே வாழப் பழகிவிடுகிறார்கள்.

புதிய நிலையங்களுக்கான அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கும்படி துறையைக் கேட்டுக்கொள்வேன். கட்டி முடித்து ஓராண்டு கழித்து, ஒரு வடகிழக்குப் பருவமழையும் பார்த்தான பிறகு, வரைந்தவர் அந்த நிலையத்துக்குத் திரும்பி வந்து இரவுப் பணியில் இருப்பவர்களோடு தங்க வேண்டும். மணி அடித்த கணத்திலிருந்து ஷட்டர் முழுதாகத் திறக்கும் வரை, அங்கிருந்து வண்டியின் பின்சக்கரம் சாலையைத் தொடும் வரை எத்தனை வினாடி என்று அளந்து எழுத வேண்டும். எந்தத் திருப்பத்தில் இருவர் முட்டிக்கொண்டார்கள், எந்தக் கதவு இறுகிக்கொண்டது, படுக்கை அறையில் டீசல் வாடை அடிக்கிறதா என்பதையும் சேர்த்து. அந்தக் குறிப்பைத் தந்த பிறகுதான் கட்டணத்தின் கடைசித் தவணை. அந்தக் குறிப்பின் நகல் அடுத்த நிலையத்தை வரையப்போகிறவருக்கு.